பாரிஸ் மெட்ரோவில் அம்மா மட்டும் தனியாகப் போய்விட்ட நாள்

பாரிஸுக்குப் போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு வந்த அறிவுரை எல்லாம் திருடர்களைப் பற்றித்தான். பையை முன்பக்கம் மாட்டிக்கொள், பாஸ்போர்ட்டை உடுப்புக்குள் வை, ஈஃபில் கோபுரத்தடியில் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர்களிடம் நிற்காதே, மோன்மார்த்ர் குன்றின் படிகளில் மணிக்கட்டில் நூல் கட்ட வருபவர்களிடம் கையைக் கொடுக்காதே. எல்லாம் சரியான அறிவுரைதான். அப்படியே நடந்துகொண்டோம், ஒரு காசுகூடத் திருட்டுப் போகவில்லை. ஆனால் முழங்கால் வலியும் சர்க்கரையும் உள்ள, தமிழைத் தவிர வேறு மொழி பேசத் தெரியாத ஒரு பெரியவரை அந்த ஊர் மெட்ரோவில் கூட்டிக்கொண்டு போனால் என்னவெல்லாம் ஆகலாம் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா அம்மாவை, மாமனார் மாமியாரை ஐரோப்பா கூட்டிப் போகத் திட்டமிடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் கணவருக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் அலுவலகப் பயிற்சி இருந்தது. 2025 மே மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. ஈரோட்டிலிருந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் போனோம். பயிற்சி நடக்கும் நாட்களில் அவரால் வெளியே வர முடியாது என்பதால் பாரிஸுக்கு நான், அம்மா, எட்டாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன் என நான்கு பேர் மட்டும். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நேரடி ரயிலில் நான்கு மணி நேரம். ரயில் வந்து நிற்கும் கார் தெ லெஸ்ட் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சமையலறையோடு ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்திருந்தேன். பெரியவர்களோடு போகிறவர்கள் இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். காலையில் கொஞ்சம் புளிசாதம் கிளறி டப்பாவில் போட்டுக்கொண்டால் மதியச் சாப்பாட்டுக்கு யாரையும் தேடிப் போக வேண்டாம், சர்க்கரை மாத்திரையின் நேரமும் தவறாது.

முதல் நாள் திட்டம் எளிதாகத்தான் போட்டிருந்தேன். காலையில் நோத்ர தாம் தேவாலயம், மதியம் லூவ்ர் அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பது, மாலை நான்கரைக்கு ஈஃபில் கோபுரம். கோபுரத்துக்கு லிஃப்டில் இரண்டாம் தளம் வரை போகும் டிக்கெட்டை அவர்களுடைய சொந்த இணையதளத்திலேயே எடுத்துவிட்டேன். சுமார் இரண்டு மாதம் முன்பே அங்கே டிக்கெட் திறந்துவிடுகிறது. கடைசி நேரத்தில் தேடினால் இடையில் உள்ளவர்கள் அதே டிக்கெட்டை இரண்டு மடங்கு விலைக்கு விற்பதுதான் கண்ணில் படும். நான்கு பேருக்குமாகச் சேர்த்து அறுபது யூரோவுக்கு மேல் ஆனது. நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாய்.

காலை மெட்ரோவிலேயே படிகள் ஆரம்பித்துவிட்டன. பாரிஸ் மெட்ரோ 1900-இல் ஓடத் தொடங்கியது. அன்றைக்குத் தோண்டிய சுரங்கங்களும் படிகளும்தான் பெரும்பாலான நிலையங்களில் இன்றும். 1998-இல் வந்த 14ஆம் வழித்தடத்தில் மட்டும்தான் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. மற்ற தடங்களில் நுழைய ஒரு பத்துப் படி, திரும்பினால் பதினைந்து படி, அப்புறம் நீண்ட நடை, அதற்கப்புறம் மறுபடி ஏறு. எஸ்கலேட்டர் இருக்கும் இடங்களிலும் அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் படிகள் இருக்கும். நோத்ர தாமுக்கு இறங்கும் சித்தே நிலையம் ஆற்றுக்கடியில் போகும் தடத்தில் இருப்பதால் மிக ஆழம். அம்மா ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். அவசரமாகப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போதே மனசு கொஞ்சம் கனத்தது. ஆனால் மேலே வந்து தேவாலயத்தைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

2019 ஏப்ரலில் அந்தக் கூரை எரிந்ததை டிவியில் அம்மாவும் பார்த்திருக்கிறார். 2024 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். உள்ளே கல் எல்லாம் புதுசாகக் கழுவியதுபோல் வெளுப்பாக இருந்தது. "அத்தனை நெருப்பு எரிஞ்ச எடமா கண்ணு இது?" என்று கேட்டுக்கொண்டே அம்மா ஒரு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நுழைவு இலவசம், இணையத்தில் நேரம் பதிவு செய்வதும் இலவசம், பதிவு இல்லாமலும் வரிசையில் நின்று போகலாம். அங்கே வாசலில் வைத்து மகள் எங்கள் எல்லோரையும் ஒரு படம் எடுத்தாள். அம்மா கத்திரிப்பூ நிறப் புடவை, மேலே சாம்பல் நிற ஸ்வெட்டர், காலில் கறுப்பு ஷூ. தலை முதல் கால் வரை விழுந்திருந்த அந்தப் படம்தான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. ஊர் சுற்றப் புறப்படும் ஒவ்வொரு காலையும், அன்றைய உடையோடு, எல்லோரையும் முழு உருவமாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனவர் என்ன நிறம் உடுத்தியிருந்தார் என்று கேட்டால், அந்தப் பதற்றத்தில் நிஜமாகவே வாயில் வராது.

மதியம் பலே ரோயல் தோட்டத்தில் சாப்பிட்டோம். லூவ்ருக்கு எதிரே சாலையைத் தாண்டினால் போதும், காசு கிடையாது, நிழலும் நாற்காலியும் நீரூற்றும் உண்டு. முற்றத்தில் வெவ்வேறு உயரத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட குட்டைத் தூண்கள் நிற்கும், மகன் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தான். அம்மா காலை நீட்டி அரை மணி நேரம் ஓய்வெடுத்தார். அப்புறம் லூவ்ரின் கண்ணாடிப் பிரமிடு பக்கம் போய்விட்டு, மூன்றரை மணிக்குப் பலே ரோயல் நிலையத்தில் மெட்ரோவுக்கு இறங்கினோம். முதலாம் வழித்தடத்தில் லா டெஃபான்ஸ் போகும் ரயிலில் ஏறி எத்வால் நிலையத்தில் இறங்க வேண்டும், அங்கே 6ஆம் தடத்துக்கு மாறினால் கோபுரத்துக்குப் பக்கத்தில் பீர் ஹகேம் நிலையம். அரை மணி நேரப் பயணம்தான்.

நடைமேடையில் நல்ல கூட்டம். முதலாம் தடத்தில் லூவ்ர், ஷான்ஸ் எலிசே, வெற்றி வளைவு எல்லாமே வருவதால் சுற்றுலாக் கூட்டம் எப்போதும் நெரியும். ரயில் வந்து கதவு திறந்தது. முன்னால் நின்ற ஒரு இளைஞர் அம்மா தடுமாறுவதைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து உள்ளே ஏற்றிவிட்டார். உள்ளே ஒரு பெண் எழுந்து இடமும் கொடுத்தார். நான் மகனைப் பிடித்துக்கொண்டு ஏறப் போகும்போது, பெரிய சுற்றுலாக் குழு ஒன்று இறங்கிக்கொண்டே இருந்தது, பக்கத்து வாசலிலிருந்தும் ஆட்கள் புகுந்தார்கள். ஹாரன் அடித்தது. கதவு மூடியது. அதற்கு வெளியே நடைமேடை ஓரத்தில் இன்னொரு தடுப்புக் கதவும் மூடியது. அந்தத் தடத்தில் ஓடுபவை ஓட்டுநர் இல்லாத தானியங்கி ரயில்கள். கத்தினால் எட்டிப் பார்க்க யாரும் கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். இன்னும் அவருக்குப் புரியவில்லை. நான் ஏதோ சைகை செய்தேன், இறங்கு என்றா அங்கேயே இரு என்றா என்று எனக்கே தெரியாது. ரயில் போய்விட்டது.

அம்மாவிடம் வேலை செய்யும் போன் இல்லை. ஊரில் வைத்திருக்கும் பட்டன் போனுக்கு ரோமிங் போடவில்லை. பாஸ்போர்ட்டுகள் எல்லாம் பாதுகாப்புக்காக என் இடுப்புப் பையில். வீட்டு முகவரி அவருக்குத் தெரியாது. கைப்பையில் கடலைமிட்டாய், தண்ணீர், விபூதிப் பொட்டலம், ஒரு கைக்குட்டை. கையில் நான்கு பவுன் வளையல். அந்த நிமிடம் என் மனசில் ஓடியது வளையல்தான் என்றால் நம்புவீர்களா? அடுத்த நொடி, ஏழு மணிக்குப் போட வேண்டிய மாத்திரை. அதற்கடுத்து, அம்மாவைத் திரும்பப் பார்க்கவே மாட்டேனோ என்று. கைகால் நடுங்கியது. மகன் "அம்மாயி போயிட்டாங்க" என்று அழ ஆரம்பித்தான்.

இரண்டு நிமிடத்தில் அடுத்த ரயில் வந்தது. ஏறினோம். அடுத்த நிலையம் துய்லரி. இறங்கி நடைமேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடினோம். இல்லை. அங்கே நின்றபோதுதான் விஷயம் எவ்வளவு சிக்கல் என்று புரிந்தது. அம்மா இங்கே இறங்கி, எதிர்த் திசை ரயிலைப் பிடித்து, நாங்கள் பிரிந்த இடத்துக்கே திரும்பியிருக்கலாம். அல்லது அடுத்த நிலையத்தில் இறங்கியிருக்கலாம். அல்லது இன்னும் ரயிலிலேயே இருக்கலாம். நான் ஒவ்வொரு நிலையமாகத் தேடிக்கொண்டு போக, அவர் பின்னால் திரும்பி வர, இரண்டு பேரும் நகர்ந்துகொண்டே இருந்தால் ராத்திரி வரை சந்திக்கவே முடியாது. நீ இங்கே நில், நான் அடுத்த நிலையத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகளிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இனி எங்கும் போவது என்று அங்கேயே முடிவு செய்தேன். தேடும்போது இன்னொரு தடவை பிரியக் கூடாது. தனியாளாகப் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான கட்டம், ஏனென்றால் ஓடு ஓடு என்றுதான் உடம்பு சொல்லும்.

இதற்கு ஒரு எளிய ஏற்பாடு இருக்கிறது. ரயிலில் தனியாகப் போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். நடைமேடையில் விடப்பட்டவர்கள் அடுத்த ரயிலில் அங்கே வர வேண்டும். அவ்வளவுதான். இதை வீட்டிலேயே, புறப்படும் முன்பே, சின்னக் குழந்தை முதல் பெரியவர் வரை எல்லோரையும் வாயால் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். இப்போது சென்னை மெட்ரோவில் ஏறினால்கூட என் மகன் எல்லோருக்கும் இதை ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறான்.

நாங்கள் பலே ரோயல் நிலையத்துக்கே திரும்பி, மேலே உதவி மையத்தில் இருந்த ஊழியரிடம் போனோம். நடைமேடைகளில் உதவிக்கு அழைக்கும் பொத்தான் வைத்த கம்பங்கள் இருக்கின்றன, அதை அழுத்தினாலும் ஆட்கள் பேசுவார்கள், அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஊழியருக்கு ஓரளவு ஆங்கிலம் வந்தது. எனக்குத்தான் வார்த்தை வரவில்லை. மகள் முன்னால் வந்து போனில் அந்தப் படத்தைக் காட்டி, எங்கள் பாட்டி, எழுபது வயது, ஆங்கிலம் தெரியாது, சர்க்கரை நோயாளி, மூன்றரை மணிக்கு லா டெஃபான்ஸ் போகும் ரயிலில், முன்னாலிருந்து இரண்டாவது பெட்டி என்று தெளிவாகச் சொன்னாள். பதின்மூன்று வயதுப் பெண். அந்த நிதானத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர் படத்தை வாங்கிக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பினார், போனில் பேசினார், என்னைப் பார்த்து இங்கேயே இருங்கள், நகராதீர்கள் என்றார். நான் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். அம்மாவால் படி ஏற முடியாது, அதனால் எதிர்த் திசைக்கு மாறியிருக்க மாட்டார், இதே தடத்தில் முன்னால்தான் எங்கோ இருப்பார். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அதையும் போனில் சொன்னார். தேடப் போகிறவர்களுக்கு உடையைவிட இந்த மாதிரித் தகவல்தான் அதிகம் உதவும். காணாமல் போனவர் என்ன செய்ய மாட்டார் என்பது நமக்கு மட்டும்தானே தெரியும்.

அப்புறம் காத்திருப்பு. நான்கு மணி. நான்கரை, ஈஃபில் டிக்கெட்டின் நேரம் அங்கேயே கடந்தது, அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. வழியில் உள்ள நிலையங்களின் நடைமேடைகளில் தேடிவிட்டார்கள், இல்லை என்று தகவல் வந்தது. கடைசி நிலையத்தின் நடைமேடையிலும் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குக் கால் தாங்கவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவருக்குப் போன் செய்யலாமா என்று எடுத்து எடுத்து வைத்தேன். செய்யவில்லை. நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் பதறுவதைத் தவிர என்ன செய்ய முடியும்? அதைவிட, சொல்லிவிட்டால் இது நிஜமாகிவிடும் என்ற பயம். போலீஸுக்கு 17, மருத்துவ அவசரத்துக்கு 15, எதற்கும் பொதுவாக 112 என்ற எண்களை ஊழியர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ரயிலிலும் நிலையங்களிலும் ஏதாவது ஆபத்து என்றால் 3117 என்று தனி எண்ணும் உண்டாம். ஐந்தேகால் வரை பார்ப்போம், அதற்கு மேல் போலீஸில் பதிவு செய்துவிடலாம் என்றார்.

ஐந்தேகால் ஆக இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது அவருடைய போன் அடித்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார். என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் அம்மாவின் குரல், பெரிதாக, போனில் பேசும்போது எப்போதும் கத்துவாரே அதே மாதிரி: "கண்ணு, பசங்க உன்கூடத்தானே இருக்காங்க?" அதற்கு மேல் எனக்கு ஒன்றும் பேச முடியவில்லை. மகள்தான் வாங்கிப் பேசினாள்.

லா டெஃபான்ஸ் அந்தத் தடத்தின் கடைசி நிலையம். முன்பெல்லாம் அங்கே போகும்போது எந்த ரயிலுக்கு எந்த டிக்கெட் என்று குழப்பம் இருந்ததாம். 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் எந்த தூரமானாலும் ஒரே டிக்கெட், நாங்கள் போனபோது 2.50 யூரோ. ஆனால் விமான நிலையத்துக்குத் தனி விலை. அந்த டிக்கெட்டை ஏற்றும் அட்டைக்கு 2 யூரோ, ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஒரே அட்டையை நான்கு பேர் தட்டிப் போக முடியாது. அன்று நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது, டிக்கெட் தடுப்புகளுக்கு அருகே ஒரு நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலையில் முக்காடு போட்ட ஓர் இளம்பெண். அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. கடலைமிட்டாயை மட்டும் பாதி பாதி பங்கு போட்டுச் சாப்பிட்டிருந்தார்கள்.

என்ன நடந்தது என்று அம்மா அப்புறம் சொன்னார். கதவு மூடியதும் பயந்துதான் போயிருக்கிறார். ஆனால் இடத்தை விட்டு நகர்ந்தால் மகள் தேடும்போது காண மாட்டாள் என்று அந்த இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்க, இவரையும் இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். நடைமேடையில் அழுதுகொண்டு நின்றவரைத்தான் அந்தப் பெண் பார்த்திருக்கிறார். உதவி தேடி எஸ்கலேட்டரில் மேலே அழைத்துப் போயிருக்கிறார். அதனால்தான் நடைமேடையில் தேடியவர்கள் கண்ணில் படவில்லை. மேலே பெரிய மண்டபம், மெட்ரோ, புறநகர் ரயில், டிராம், பக்கத்தில் பெரிய வணிக வளாகம் என்று அது ஒரு கடல். கொஞ்ச தூரம் போனதும் அம்மா இதற்கு மேல் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார். அந்தப் பெண் போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து முதலில் இந்தியில் பேசவைத்திருக்கிறார். அம்மா தலையை ஆட்டியிருக்கிறார். அப்புறம் மொழிகளின் பட்டியலை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்ட, தமிழ் என்ற எழுத்து வந்ததும் அம்மா அதன் மேல் விரலை வைத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் மகளோடு வந்தேன், ரயில் கதவு மூடிக்கொண்டது என்று சொல்ல முடிந்திருக்கிறது. அந்தப் பெண் உடனே நிலைய ஊழியரிடம் ஓடியிருக்கிறார். அவரிடம் நன்றி என்று நான் சொன்னது எனக்கே போதவில்லை. பணம் எதுவும் வாங்க மறுத்துவிட்டார். அம்மா அவருடைய கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெற்றியில் நெட்டி முறித்தார். அவருக்கு அது புரிந்தது.

அன்று மறுபடி மெட்ரோவில் இறங்க எங்களில் யாருக்கும் மனசில்லை. வீட்டுக்கு டாக்ஸி, மாலை நெரிசலில் நாற்பது யூரோவுக்கு மேல். கோபுர டிக்கெட்டோடு சேர்த்தால் பத்தாயிரம் ரூபாய், ஒரு முழு நாள். அம்மாவுக்கு இரவு முழுவதும் முழங்கால் வீங்கியிருந்தது. மகன் தூக்கத்தில் இரண்டு தடவை எழுந்து அம்மாயி இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் படுத்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாக அம்மாவுக்கு ஓர் உள்ளூர் சிம் வாங்கி என் பழைய போனில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டேன். பாரிஸ் மெட்ரோவில் சுரங்கத்துக்குள்ளும் சிக்னல் கிடைக்கிறது, அதனால் தரைக்கடியில் போன் எதற்கு என்று நினைக்க வேண்டாம். பச்சைப் பொத்தானை அழுத்தினால் எனக்கு மட்டும் அழைப்பு வரும்படி செய்து வைத்தேன். போனில் சார்ஜ் தீர்ந்துபோகலாம், போனே தொலையலாம், அதனால் காகிதமும் வேண்டும். பிரெஞ்சு மொழியில் ஒரு தாள் எழுதி, வீட்டுக்காரரிடம் காட்டித் திருத்திக்கொண்டு, நான்கு பிரதி எடுத்தேன். பெயர், வயது, தமிழ் மட்டும் பேசுவார், சர்க்கரை நோய் உண்டு, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், தங்கியிருக்கும் முகவரி, நாட்டின் குறியீட்டு எண்ணோடு என் போன் எண், தயவுசெய்து இந்த எண்ணுக்கு அழைத்துவிட்டு இவருடன் இதே இடத்தில் காத்திருங்கள் என்ற வரி. அந்தக் கடைசி வரி முக்கியம். நல்ல மனதோடு வருகிறவர்கள் கையைப் பிடித்து வேறு இடத்துக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள் என்பதை அன்றைக்குப் பார்த்தோம். ஒரு தாள் அம்மாவின் கைப்பையில், ஒன்று ஸ்வெட்டர் பாக்கெட்டில். பாஸ்போர்ட்டின் நகலும் அதோடு. மாத்திரை ஒரு வேளைக்கு, கொஞ்சம் குளுக்கோஸ், தண்ணீர் ஆகியவையும் பெரியவர்களின் பையிலேயே இருக்கட்டும், நம்முடைய பையில் இருந்தால் பிரிந்த நேரத்தில் பயன்படாது. வளையலைக் கழற்றி வீட்டில் வைக்கச் சொன்னேன், அம்மா கேட்கவில்லை, முழுக்கை ஸ்வெட்டரால் மூடிக்கொண்டார்.

ஏறும் வரிசையையும் மாற்றினோம். நடைமேடையில் முதலில் நான் வாசலில் ஒரு காலை உள்ளே வைத்து நிற்பேன், அப்புறம் அம்மா, அவர் கையைப் பிடித்தபடி மகன், கடைசியில் மகள். ஹாரன் அடித்துவிட்டால் யாரும் ஏறக் கூடாது, கதவில் கையை விடக் கூடாது, அடுத்த ரயில் இரண்டு மூன்று நிமிடத்தில் வரும். ஆனால் நிஜத்தைச் சொன்னால், அதற்கப்புறம் மெட்ரோவையே மிகக் குறைவாகத்தான் பயன்படுத்தினோம். பாரிஸ் பேருந்துகளைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருந்தால் முதல் நாளே கீழே இறங்கியிருக்க மாட்டேன். தளம் தாழ்வாக இருக்கிறது, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வெளியே வரும், பெரியவர்களுக்கு முன்னால் இருக்கை, ஓட்டுநர் என்று ஒரு மனிதர் இருக்கிறார். டிக்கெட் நாங்கள் போனபோது 2 யூரோ, ஒன்றரை மணி நேரத்துக்குள் வேறு பேருந்துக்கும் மாறலாம். ஆனால் அதே டிக்கெட்டில் மெட்ரோவுக்கு மாற முடியாது, அது தனி. குறிப்பாக 69ஆம் எண் பேருந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈஃபில் கோபுரத்தின் அருகிலுள்ள புல்வெளியிலிருந்து ஆற்றைத் தாண்டி லூவ்ர், நகர மண்டபம், பஸ்தீய் என்று ஊரின் முக்கால்வாசி அழகை ஜன்னல் வழியே காட்டிவிடும். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து அதிலேயே ஒரு சுற்று போய்வந்தார். ஆற்றில் நிறுத்தம் நிறுத்தமாக நின்று போகும் படகும் இருக்கிறது, கோபுரம், நோத்ர தாம், லூவ்ர் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நிற்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கலாம், முழங்காலுக்கு அது கொடுக்கும் ஓய்வை நினைத்தால் தகும். படகுத் துறைக்கு இறங்கச் சில இடங்களில் படி உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லூவ்ருக்குள் கடைசி நாள் போனோம். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், பதினெட்டு வயதுக்குள் இலவசம், அடையாள அட்டையைக் காட்டினால் சக்கர நாற்காலியும் இலவசமாகத் தருகிறார்கள். நாங்கள் போனபோது பெரியவர்களுக்கு 22 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 ஆக்கிவிட்டார்கள். அம்மா முதலில் சக்கர நாற்காலியில் உட்கார வெட்கப்பட்டார், நோயாளி மாதிரி இருக்கும் என்றார். உட்கார்ந்து ஒரு கூடத்தைச் சுற்றியதும், மகன் தள்ள, இதை ஊரிலிருந்து வந்த முதல் நாளே கேட்டிருக்கலாமே என்றார். ஈஃபில் கோபுரத்துக்கு மறுபடி டிக்கெட் கிடைக்கவில்லை. அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தோம், அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. நீங்கள் மேலே ஏறுவதாக இருந்தால், பாதுகாப்புச் சோதனை இரண்டு இடத்தில் உண்டு, இரண்டு வரிசையிலும் நிற்க வேண்டும், டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அதற்கு முன்னால் வேறு எதையும் வைத்துக்கொள்ளாமல், மதியம் வீட்டில் படுத்து எழுந்து, நேராகப் பேருந்திலோ டாக்ஸியிலோ போங்கள்.